பட்டறைக் கேள்விகள்: அதிர்ந்தால் போதுமா, அடிக்க வேண்டாமா?

சாலைத் தளத்தையும் கான்கிரீட்டையும் உளியால் அடித்து உடைக்கிற கைக்கருவிதான் கான்கிரீட் பிரேக்கர். போன இதழில் அதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வடிவமைக்கிறவர், பழுது பார்க்கிறவர், தினமும் அதைப் பிடித்து வேலை செய்கிறவர், அவர் வீட்டில் இருக்கிறவர் என்று நாலு பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, நான் மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருடம். சாலைத் தளத்தை உடைக்கும் அதிர்வுக் கருவி ஒன்றைப் புராஜெக்டாகச் செய்கிறோம். 1 குதிரைத்திறன் மோட்டார், அதன் அச்சில் மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி 1 கிலோ எடை, நிமிடத்துக்கு 1500 சுற்று, கீழே உளி. மொத்தம் 20 கிலோ. ஓட்டிப் பார்த்தால் கான்கிரீட்டின் மேல் குதிக்கிறது, வெள்ளையாகப் பொடி வருகிறது, உடையவே இல்லை. மோட்டாரைப் பெரிதாக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. மோட்டார் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அதற்குக் கொடுத்த வேலைதான் வேறு. நீங்கள் கட்டியிருப்பது இறுக்குகிற கருவி. மண்ணைக் கெட்டிப்படுத்தும் பிளேட் காம்பாக்டருக்குள்ளும், புதுக் கான்கிரீட்டில் காற்றுக் குமிழை வெளியேற்ற விடுகிற நீடில் வைப்ரேட்டருக்குள்ளும் இதே மையம் விலகிய எடைதான் சுற்றுகிறது. கான்கிரீட்டைக் கெட்டியாக்க உதவுவதை வைத்துக்கொண்டு அதே கான்கிரீட்டை உடைக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 1 கிலோ, 3 செ.மீ., நொடிக்கு 25 சுற்று என்றால் மையவிலக்கு விசை சுமார் 740 நியூட்டன், அதாவது 75 கிலோ எடை அழுத்துகிற அளவு. அது மேலும் கீழும் மாறி மாறி இழுக்கிறது. உங்கள் கருவியோ 20 கிலோ, மேல் பக்கம் 75 கிலோ இழுத்தால் அது எப்படித் தரையில் உட்காரும்? அதனால்தான் குதிக்கிறது. சரி, குதித்து இறங்கும்போதாவது பலமாக அடிக்கிறதா என்றால், அதிர்வின் வீச்சு ஒன்றரை மில்லிமீட்டர்தான், உச்ச வேகம் நொடிக்குக் கால் மீட்டர்கூட வரவில்லை. 20 கிலோ அந்த வேகத்தில் மோதினால் கிடைப்பது சுமார் அரை ஜூல் ஆற்றல்தான். துள்ளலையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு நல்ல பிரேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 1.2 கிலோ எடையுள்ள ஓர் எஃகுப் பிஸ்டன், எதனோடும் கட்டப்படாமல், நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து உளியின் தலையில் மோதுகிறது. ஆற்றல் 49 ஜூல். அதைவிட முக்கியமானது அந்த ஆற்றல் எவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேருகிறது என்பது. பிஸ்டனும் உளியும் 30 மி.மீ. விட்டம் என்றால் மோதிய கணத்தில் உளிக்குள் சுமார் 180 மெகா பாஸ்கல் அழுத்த அலை ஒன்று கிளம்பும், விசையாகச் சொன்னால் 13 டன். அது நீடிப்பது ஒரு நொடியைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கும் குறைவு. ஒலி எஃகில் ஓடுகிற வேகத்தில், நொடிக்கு ஐயாயிரம் மீட்டருக்குமேல், அந்த அலை உளி முனைக்குப் போய்க் கான்கிரீட்டுக்குள் இறங்கிவிடும். உங்களிடம் இருப்பது இடைவிடாத 75 கிலோ, அதனிடம் இருப்பது கண் சிமிட்டுவதற்குள் வந்து போகிற 13 டன். உடைவது இரண்டாவதுக்குத்தான்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்போம். நகர்த்துவதற்கு அது சரி. உடைக்க வேண்டுமானால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு குறைந்தபட்ச பலம் வேண்டும், அதற்குக் கீழே எத்தனை ஆயிரம் அடி அடித்தாலும் நீங்கள் பார்த்த அந்த வெள்ளைப் பொடிதான் மிஞ்சும்.

உடைவது எப்படி என்பதையும் ஒருமுறை கிட்ட உட்கார்ந்து பாருங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் இருந்து. உளி முனை பட்ட இடம் முதலில் நொறுங்கி மாவாகிறது. அந்த மாவு ஓடிப்போக இடமில்லாமல் முனைக்கு அடியில் கெட்டியாகி, தானே ஓர் ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் தள்ள ஆரம்பிக்கிறது. சத்தம் மாறும். "டங் டங்" என்று கேட்டுக்கொண்டிருந்தது "டொப்" என்று மந்தமாகும், அடுத்த அடியிலோ அதற்கடுத்த அடியிலோ முடி அளவு விரிசல் ஒன்று முனையிலிருந்து பக்கத்து விளிம்புக்கு ஓடும். கான்கிரீட் அழுத்தம் தாங்குவதில் கெட்டி, இழுவை தாங்குவதில் அதில் பத்தில் ஒரு பங்குதான். 30 மெகா பாஸ்கல் அழுத்தம் தாங்குகிற தளம் 3 மெகா பாஸ்கல் இழுவைக்கே பிளந்துவிடும். ஆக உளியின் வேலை நசுக்குவதைவிடப் பிளப்பது. பிளந்த துண்டு ஒதுங்கப் பக்கத்தில் காலி இடம் இருக்க வேண்டும். தளத்தின் நட்ட நடுவில் நின்று அடித்தால் எந்தக் கருவியும் திணறும். விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும்.

உங்கள் 1 குதிரைத்திறன் மோட்டாரை வைத்தே செய்யலாம். அது சுமார் 750 வாட். கிராங்க் (மோட்டாரின் சுழற்சியை முன்னும் பின்னுமான ஓட்டமாக மாற்றும் தண்டு), காற்று, உராய்வு எல்லாவற்றிலும் பாதி போகும் என்று வையுங்கள், அடிக்கு மிஞ்சுவது 375 வாட். 49 ஜூல் அடி வேண்டுமென்றால் நொடிக்கு ஏழு எட்டு அடிதான் கிடைக்கும். அடியைப் பாதியாக்கி 25 ஜூல் என்று வைத்தால் நொடிக்கு 15 அடி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதை எடுப்பேன், ஏனென்றால் அடி மிக மெதுவானால் கைப்பிடியை அதிர்விலிருந்து பிரிப்பது ரொம்பக் கஷ்டமாகிவிடும், அதைக் கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். 25 ஜூல் மெல்லிய நடைபாதைத் தளத்துக்குப் போதும், தடித்த சாலைத் தளத்தை இதை வைத்து உடைக்க நினைக்காதீர்கள்.

அந்த 25 ஜூலுக்கு 0.8 கிலோ பிஸ்டன், மோதும் வேகம் நொடிக்கு 8 மீட்டர். கிராங்க் நேராக இந்தப் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, தள்ளினால் ஒவ்வோர் அடியும் கியர் பல்லில்தான் விழும், ஒரு மணி நேரத்தில் பல் போய்விடும். கிராங்க் ஓட்டுவது வேறொரு பிஸ்டனை. அதற்கும் அடிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரே சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று. ஓட்டும் பிஸ்டன் பின்னால் போகும்போது காற்று விரிந்து அடிக்கும் பிஸ்டனை உறிஞ்சி இழுக்கும், முன்னால் வரும்போது காற்று இறுகி ஸ்பிரிங் மாதிரி அதை வீசும். மோதலின் அதிர்ச்சி திரும்பிக் கிராங்குக்கு வராது. இன்றைய மின் பிரேக்கர்கள் அநேகமாக எல்லாமே இந்த ஏற்பாடுதான், அதற்கு மாற்றாக யாரும் எளிதான ஒன்றைக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

சிலிண்டர் விட்டம் 45 மி.மீ. எடுத்தால், 5 செ.மீ. ஓட்டத்துக்குள் பிஸ்டனை 8 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரச் சராசரியாக 3.2 பார் அழுத்தம் வேண்டும், விசை 512 நியூட்டன். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிஸ்டனை 512 நியூட்டன் கீழே தள்ளுகிறது என்றால் அதே 512 நியூட்டன் கருவியின் உடலை மேலே தள்ளுகிறது. பிடிக்கிறவர் கைக்கு வருகிற அதிர்வில் பெரும்பகுதி இதுதான், உளி தரையில் படுவதால் வருவது என்று நினைக்கிறோம், அது அவ்வளவு இல்லை. ஓட்டத்தை 10 செ.மீ. ஆக்கினால் விசை 256 ஆக இறங்கிவிடும், அடியின் பலம் அப்படியே இருக்கும். நீளமான ஓட்டம், மிருதுவான தள்ளல். கருவி கொஞ்சம் உயரமாகும், ஆகட்டும். வரைபடம் போடும்போதே இதை முடிவு செய்யுங்கள், பிறகு ஸ்பிரிங்கை வைத்துச் சரிக்கட்ட நினைத்தால் பாதிதான் சரியாகும்.

கேள்வி: 27 கிலோ பிரேக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து இடுப்பே போய்விட்டது சார். இதை எடை குறைவாகச் செய்யவே முடியாதா? எல்லாவற்றையும் அலுமினியத்தில் செய்கிறார்களே?

பதில்: உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்த எடையில் ஒரு பகுதி அங்கே வேண்டுமென்றேதான் இருக்கிறது. 1.2 கிலோ பிஸ்டன், நொடிக்கு 9 மீட்டர் வேகம், நொடிக்கு 20 தடவை அடி. இவற்றைப் பெருக்கினால் 216 நியூட்டன், அதாவது 22 கிலோ. ஒவ்வோர் அடிக்கும் பிஸ்டனைக் கீழே எறிவதால் கருவி சராசரியாக 22 கிலோ அளவுக்கு மேலே எழும்பப் பார்க்கிறது. பிஸ்டன் மோதிவிட்டுத் துள்ளித் திரும்பினால் அதற்கும் மேல். 27 கிலோ எடை இருந்தால் கருவி தானாகவே உட்காரும், நீங்கள் சும்மா நிறுத்திப் பிடித்தால் போதும். அதையே 12 கிலோவில் செய்தால் மிச்சப் 10 கிலோவை நாள் முழுக்க உங்கள் தோள் அழுத்த வேண்டும், போதாததற்கு லேசான உடல் அதிகமாக அதிரும். தூக்கும்போது மிச்சமானது அழுத்தும்போது போய்விடும்.

செய்யக்கூடியது தூக்குகிற முறையை மாற்றுவது. சிக்கிய உளியை இடுப்பால் பிடுங்காதீர்கள். ஒரே இடத்தில் ஆழமாக இறக்காமல், விரிசல் விழாவிட்டால் உடனே நிறுத்தி இடம் மாற்றுங்கள், சிக்குவதே குறையும். சிக்கிவிட்டால் கருவியைக் கழற்றி இன்னோர் உளியைப் போட்டுப் பக்கத்தில் உடைத்து முதல் உளியை விடுவிக்க வேண்டும். வேலைக்கு இரண்டு உளி எடுத்துப் போவது அதற்காகத்தான். சுவர், படிக்கட்டு மாதிரி மெல்லிய இடத்துக்கு 13 கிலோ வகையே போதும், அங்கே பெரிய மிஷினைக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இயற்கை அதிர்வெண் உண்டு என்கிறார்கள். சாலையின் அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து அதே அதிர்வெண்ணில் லேசாக அதிரவிட்டால் தானாக நொறுங்காதா?

பதில்: நொறுங்காது. நீங்கள் சொல்வதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அது பெரிதாக வேண்டுமானால் கொடுத்த ஆற்றல் உள்ளேயே தங்கித் தங்கிச் சேர வேண்டும். ஊஞ்சலை ஆட்டுகிறபோது ஒவ்வொரு தள்ளலும் அதிலேயே மிஞ்சுவது போல. சாலைத் தளம் மண்மேல் படுத்துக் கிடக்கிறது, நீங்கள் கொடுக்கிற அதிர்வை அடியிலுள்ள மண் உடனுக்குடன் வாங்கிக் கொண்டுபோய்விடும், சேர்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. மணலில் புதைத்த மணியை அடித்துப் பாருங்கள், நாதம் வராது.

ஆனால் நீங்கள் கேட்டது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பழைய கான்கிரீட் நெடுஞ்சாலையை இருக்கிற இடத்திலேயே நொறுக்கிவிட்டு அதன்மேல் புதுத் தார்த்தளம் போடுவதற்கு ஒத்ததிர்வு பிரேக்கர் என்றே பெரிய வண்டி ஒன்று இருக்கிறது. அதில் நொடிக்கு 44 தடவை அளவில் ஒத்ததிர்வது வண்டியிலுள்ள கனமான எஃகு விட்டம். அதன் நுனியிலுள்ள பாதம் சின்னச் சின்ன வீச்சில் வேகமாகத் தளத்தை அடிக்கிறது. விட்டம் அதிரும்போது அதில் அசையாமல் நிற்கிற புள்ளிகள் இரண்டு உண்டு, கணு என்போம், சரியாக அந்தக் கணுக்களில்தான் அதை வண்டியோடு பிணைப்பார்கள், அதனால் வண்டிக்கும் ஓட்டுநருக்கும் அதிர்வு குறைவாகப் போகும். எனக்கு அந்த வண்டியில் பிடித்ததே இந்த ஏற்பாடுதான். கையில் பிடிக்கிற கருவியில் இவ்வளவு பெரிய விட்டத்துக்கு இடமில்லை.

கேள்வி: என் அப்பா பல வருடமாகப் பிரேக்கர் ஓட்டுகிறார். குளிர்ந்த காலையில் அவர் விரல் நுனிகள் சுண்ணாம்பு போல வெளுத்துவிடுகின்றன, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வயதானதால் என்கிறார். இதற்கும் கருவிக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு அம்மா. தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாமல் அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், என்ன வேலை செய்கிறார், எத்தனை வருடமாக, ஒரு நாளில் எவ்வளவு நேரம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். வேலையைச் சொல்லாவிட்டால் வயதுக் கோளாறு என்றே முடித்துவிட வாய்ப்பிருக்கிறது. அதிர்வு வெண்விரல் என்று இதற்குப் பெயர். விரலுக்குப் போகிற சிறு ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதிர்வால் கெட்டு, குளிர் பட்டவுடன் குழாய் சுருங்கி ரத்தம் நின்று வெளுக்கிறது. முதலில் நுனி, பிறகு மெல்ல மெல்ல உள்ளங்கைப் பக்கம். ஆரம்பத்தில் நிறுத்தினால் மேற்கொண்டு பரவாமல் தடுக்கலாம், முற்றினால் திரும்புவது அரிது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் கிடையாது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 1918-லேயே ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களைப் பரிசோதித்து, காற்றுச் சுத்தியலைப் பிடிக்கிற கைகளில் இந்த வெளுப்பைக் கண்டு பதிவு செய்தார். நூறு வருடத்துக்குமேல் ஆகிவிட்டது, இன்னும் உங்கள் அப்பா அதை வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் கொண்டுவந்த விதிப்படி 8 மணி நேர வேலைக்குச் சமமாக்கிப் பார்க்கும்போது அதிர்வு (முடுக்கமாக அளந்தால்) 2.5 மீட்டர்/நொடி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால் நேரம் நாலில் ஒன்றாகும். கைப்பிடியில் 10 மீட்டர்/நொடி² அதிர்கிற கருவியைப் பிடித்தால் அரை மணியில் முதல் அளவு, 2 மணியில் கடைசி அளவு. 20 அதிர்கிற பழைய கருவி என்றால் ஏழரை நிமிடத்தில் முதல் அளவு, அரை மணியில் கடைசி. இங்கே நேரம் என்பது கருவியின் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் மட்டும்தான், நடுவில் துண்டு அள்ளுவது சேராது.

அவரிடம் சொல்லுங்கள்: இறுக்கிப் பிடிக்க வேண்டாம், கருவி விழாத அளவுக்குப் பிடித்தால் போதும், இறுக்க இறுக்க அதிர்வு அதிகமாகக் கைக்குள் போகும். கையைச் சூடாக வைத்துக்கொள்ளட்டும். புகை பிடிக்கிறவரானால் விட வேண்டும், அதுவும் ரத்தக் குழாயைச் சுருக்கும். அதிர்வு தடுக்கும் கையுறை என்று விற்பதை நம்ப வேண்டாம், பிரேக்கரின் தாழ்ந்த அதிர்வெண்ணில் அது தடுப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கையைக் கதகதப்பாக வைக்கும், அந்த மட்டுக்கு நல்லது.

கேள்வி: சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய பிரேக்கர் ஒன்றின் கைப்பிடிக்குக் கெட்டியான ரப்பர் புஷ் போட்டுக் கொடுத்தேன். அதிர்வு குறையவில்லை, முன்னைவிட மோசம் என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். ரப்பர் போட்டால் குறையத்தானே வேண்டும்?

பதில்: கொண்டுவந்தவர் சொல்வது நிஜம். நல்ல எண்ணத்தோடு செய்து கெடுகிற இடம் இது, நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். ரப்பரோ ஸ்பிரிங்கோ, கைப்பிடியின் பாரத்தில் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் புஷ் 1 மி.மீ. அமுங்கியிருக்கும் என்று வையுங்கள். அப்படியானால் கைப்பிடியின் சொந்த அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக ஆடுகிற வேகம்) நொடிக்குச் சுமார் 16. கருவி அடிப்பது 20. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதிர்வு குறைவதற்குப் பதில் ஒன்றரை மடங்குக்குமேல் பெருகித்தான் கைக்கு வரும். ஸ்பிரிங்கை 1 செ.மீ. அமுங்குகிற மாதிரி இளக்கமாக வைத்தால் சொந்த அதிர்வெண் 5-க்கு இறங்கும், அப்போது 20-ல் வருகிற அதிர்வில் பதினைந்தில் ஒரு பங்குதான் கைக்குப் போகும். இது காகிதக் கணக்கு, நிஜத்தில் உராய்வும் கீல் ஆட்டமும் சேர்ந்து பலனைக் குறைக்கும், இருந்தாலும் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அடியின் வேகம் குறையக் குறைய ஸ்பிரிங்கை இன்னும் இளக்க வேண்டியிருக்கும். நொடிக்கு 15 அடி என்றால் சொந்த அதிர்வெண் 4, அமுக்கம் ஒன்றரை செ.மீ. நொடிக்கு 7 அடி என்றால் அமுக்கம் சுமார் 7 செ.மீ. ஆகிவிடும், கைப்பிடி தொளதொளவென்று ஆடி உளியை நிறுத்தவே முடியாது. மேலே அந்த மாணவரிடம் 15 அடி வையுங்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

அப்புறம் இன்னொன்று. இளக்கமான ஸ்பிரிங்கை ஆள் பலமாக அழுத்தினால் அது அடிவரை அமுங்கி இரும்போடு இரும்பு முட்டும், அந்த நிமிடமே ஸ்பிரிங் இல்லாத கருவியாகிவிடும். அதனால் கைப்பிடிக்கு 3, 4 செ.மீ. ஓட்டம் கொடுத்து, கடைசி 1 செ.மீ.யில் ரப்பர் தடை வையுங்கள். கைப்பிடியில் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோடு மறையும்வரை அழுத்தாதீர்கள்" என்று ஓட்டுகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள். கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் எடை கூட்டினாலும் நல்லது, கனமான கைப்பிடிக்கு அதே 5 அதிர்வெண்ணைக் கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்கிலேயே எட்டலாம், அழுத்தினால் சட்டென்று அமுங்காது. முக்கியமாக ஒன்று: இரண்டு கைப்பிடியும் தனித்தனியாக ஆடாமல் ஒரே சட்டமாக இருக்கட்டும்.

கேள்வி: காற்றில் ஓடும் சுத்தியலை முதலில் யார் செய்தது?

பதில்: ஒரே ஒருவரைக் கைகாட்ட முடியாது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த மோன் செனி சுரங்கத்தில் ஜெர்மெய்ன் சொம்மெய்யே 1861-ல் அழுத்தக் காற்றுத் துளைக் கருவிகளை இறக்கினார், 1871-ல் சுரங்கம் திறந்தது. அவை சட்டத்தில் ஏற்றிய பெரிய எந்திரங்கள். கையில் பிடிக்கிற காற்றுச் சுத்தியலுக்குச் சார்ல்ஸ் பிராடி கிங் 1894-ல் காப்புரிமை வாங்கினார், அதற்கு முந்தைய வருடம் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதைக் காட்டியிருந்தார். டெட்ராய்ட் தெருவில் 1896-ல் முதன்முதலாக மோட்டார் காரை ஓட்டியவரும் இவரே.

கேள்வி: கான்கிரீட்டை உடைக்கும் அதே உளி தார்ச்சாலையில் சும்மா ஓட்டை போட்டுவிட்டுப் போகிறதே?

பதில்: தார் சூட்டில் இளகும், அடித்தால் பிளக்காமல் விலகிக் கொடுக்கும். கூர் முனை அதில் துளைதான் போடும். அகல வாய் உளியை எடுத்து, கேக்கை வெட்டுவது போல வரிசையாக வெட்டி, வெட்டிய பட்டையை நெம்பி எடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையில் செய்தால் தார் விறைப்பாக இருக்கும், வேலை பாதியாகும். நெம்புவதற்குக் கடப்பாரையை எடுங்கள், பிரேக்கரைச் சாய்த்து நெம்பாதீர்கள்.

கேள்வி: தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்கச் சொல்கிறார்கள், தூசி கண்ணில் படாமல் இருக்கவா?

பதில்: கண்ணில் தெரிகிற தூசியைவிடத் தெரியாத தூசிக்குத்தான். மணலிலும் ஜல்லியிலும் உள்ள படிக சிலிக்கா நுண்துகளாக நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், புற்றுநோயும் வரலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் வைத்துவிட்டது. உளி முனையில் மெல்லிய தூறல் விடாமல் விழ வேண்டும். கருவியை வடிவமைக்கிறவர்கள் உளிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நாசிலுக்கு இடம் வைத்துவிட்டால், யாரோ ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. மின்சாரக் கருவி என்றால் நனைவதற்கு ஏற்ற காப்பும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்சும் கட்டாயம்.

கேள்வி: உளியைக் கிரைண்டரில் தீட்டினேன், அன்றைக்கே முனை மழுங்கிவிட்டது. இன்னோர் உளி தலைப்பக்கம் ஒடிந்தே போனது. எஃகு மோசமா?

பதில்: முதலாவதில் எஃகின் மேல் பழி போட வேண்டாம். தீட்டும்போது முனையில் நீல நிறம் ஏறியதா என்று நினைத்துப் பாருங்கள். ஏறியிருந்தால் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அந்த முனை இனி மெத்தென்றுதான் இருக்கும். லேசாகத் தீட்டி, நிறம் மாறுவதற்குள் எடுத்து ஆறவிட்டு, மறுபடி தீட்டுங்கள். நீலம் ஏறிய பகுதியை முழுக்கத் தேய்த்து எடுத்தால் அடியில் நல்ல எஃகு வரும், பதம் கொடுத்த ஆழம்வரை.

இரண்டாவது, தலைப்பக்கம் ஒடிந்தது, அநேகமாகப் புஷ் தேய்ந்ததால். உளி உட்காரும் புஷ் தேய்ந்து உளி சாய்ந்து நின்றால், பிஸ்டன் தலை முழுவதும் சமமாக மோதாமல் ஓர் ஓரத்தில் மட்டும் மோதும். ஒடிந்த தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிஸ்டன் பட்ட பளபளப்பு வட்டமாக நடுவில் இருக்க வேண்டும், பிறை வடிவில் ஓரமாக இருந்தால் புஷ்தான் காரணம். புது உளி வாங்குவதற்கு முன் புஷ்ஷை மாற்றுங்கள், இல்லையென்றால் அதுவும் ஒடியும், பிஸ்டன் முகமும் சேர்ந்து சில்லு பெயரும்.

கேள்வி: உளியைத் தரையில் வைக்காமல் தூக்கிப் பிடித்து ஓட்டினால் சத்தம் மாறுகிறது. ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. அடியை வாங்கத் தரை இல்லையென்றால் அத்தனை ஆற்றலும் உளியைப் பிடித்திருக்கும் கொக்கியிலும் முன்பக்க போல்ட்டுகளிலும் விழும். நல்ல மின் பிரேக்கரில் உளியை அழுத்தாவிட்டால் அடிக்கும் பிஸ்டன் முன்னால் நழுவி, சிலிண்டரில் உள்ள ஒரு துளை திறந்து, நடுவிலுள்ள காற்று வெளியேறி, அடி தானாக நின்றுவிடும், மோட்டார் மட்டும் ஓடும். நீங்கள் கேட்ட சத்த மாற்றம் அதுவாக இருந்தால் கவலையில்லை. தூக்கிப் பிடித்தும் அடி விழுந்துகொண்டே இருந்தால் அந்தத் துளை அடைத்திருக்கிறதா, முன்பக்கம் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். புராஜெக்ட் செய்கிற தம்பியும் இந்தத் துளையை வரைபடத்தில் விட்டுவிட வேண்டாம்.